சென்னையின் கோல்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலேஜ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. 2014-ல், ஐ.எஸ்.எல். கால்பந்து லீக்கின் முதல் சீசனில், சென்னையின் எஃப்.சி. அடித்த மறக்க முடியாத கோல்களின் தொகுப்பு. யாரோ ஒரு ரசிகர் பொறுமையாக உட்கார்ந்து வெட்டி ஒட்டியிருக்கிறார். நாலரை நிமிடம். பின்னணியில் காதைக் கிழிக்கிற ஒரு இசை. எலானோ, எலானோ, மெண்டி, மெண்டோசா, திரும்ப எலானோ. முடிந்தது. கீழே வரிசையாக இதயக் குறிகள். நானும் ஒன்று போட்டேன்.

போட்டுவிட்டு அதை என் தம்பிக்கு அனுப்பினேன். அவன் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கியிருப்பான் என்று நினைத்தேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: "முக்கியமான கோல் இல்லியேண்ணா."

எந்த கோல் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு வரியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

நாலரை நிமிட வீடியோவுக்கு விமர்சனம் எழுதுவதா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தால் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று நாம் மாதக்கணக்கில் சண்டை போடுவதில்லையா? இதுவும் அந்த மாதிரி ஒரு தொகுப்புதான். தொகுத்தவருக்கு ஒரு ரசனை இருக்கிறது, ஒரு அளவுகோல் இருக்கிறது. அது அவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம். அதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று தோன்றியது.

*

முதலில் கொஞ்சம் பின்கதை, கால்பந்து பார்க்காத நண்பர்களுக்காக.

ஐ.எஸ்.எல். 2014 அக்டோபர் 12-ல் தொடங்கி டிசம்பர் 20-ல் முடிந்தது. எட்டு அணிகள், பத்து வாரம். மைதானத்தில் ஓர் அணிக்கு ஆறு வெளிநாட்டுக்காரர்கள், ஐந்து இந்தியர்கள் என்பது அன்றைய கணக்கு. ஐரோப்பாவில் பேரும் புகழும் சம்பாதித்து, கால் தளர ஆரம்பித்த நட்சத்திரங்களை வைத்துத்தான் லீக்கை விற்றார்கள். நம் அணிக்கு வந்தவர் மார்க்கோ மட்டரஸி. பயிற்சியாளரும் அவர்தான், தேவைப்பட்டால் ஆடுகிறவரும் அவர்தான். வயது 41. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடான் தலையால் முட்டித் தள்ளினாரே, அந்த மட்டரஸி. அப்போது நான் பள்ளி மாணவன், ஜிடான் பைத்தியம். நடு ராத்திரி தாண்டி டி.வி. முன்னால் உட்கார்ந்து அந்த ஆளைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். எட்டு வருடம் கழித்து அதே ஆள் பெரியமேட்டில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருக்க, நான் கேலரியிலிருந்து அவருக்குக் கை தட்டுகிறேன். வாழ்க்கை இப்படியும் ஒரு பாஸ் கொடுக்கும்.

கறாராகப் பார்த்தால் 2014-ல் ஐ.எஸ்.எல். இந்தியாவின் முதல்நிலை லீக்கே இல்லை. அந்த இடம் அப்போது ஐ-லீக்கிடம் இருந்தது. ஐ.எஸ்.எல்.-க்கு அந்தத் தகுதி கிடைத்தது 2019-ல்தான். 2016-17-ல் ஐ-லீக்கில் நுழைந்த சென்னை சிட்டி எஃப்.சி.தான் அப்போதைய காகிதக் கணக்குப்படி முதல்நிலையில் ஆடிய அணி. 2018-19-ல் கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு அந்த லீக்கை வென்றும் காட்டியது. இன்று அந்த அணியின் கோல் தொகுப்பை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. காகிதம் சொல்வது ஒன்று, ஞாபகம் வைத்திருப்பது ஒன்று. தாம்பரத்தில் நாங்கள் ஒரு சொந்த அணி என்று முதன்முதலாகக் கத்தியது 2014-ல்தான் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

*

வீடியோவில் முதலில் வருவது எலானோவின் ஃப்ரீ கிக். 2014 அக்டோபர் 15, கோவாவின் ஃபடோர்டா மைதானம், சென்னையின் அணியின் முதல் ஆட்டம். ஐந்தாறு பேர் சுவர் மாதிரி நிற்கிறார்கள், பந்து அவர்களைத் தாண்டி வளைந்து உள்ளே போகிறது. அழகான கோல், மறுப்பேதும் இல்லை. எலானோ ப்ளூமர் பிரேசில் அணிக்காக 2010 உலகக் கோப்பையில் இரண்டு கோல் அடித்தவர். சென்னைக்கு வந்தபோது வயது 33. அந்த சீசனில் எட்டு கோல் அடித்து லீக்கிலேயே அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வாங்கினார்.

ஃப்ரீ கிக் எனக்குப் பிடித்த வடிவம்தான். ஓட்டம் நிற்கிறது. எல்லாரும் ஒருவனுக்காகக் காத்திருக்கிறார்கள். வயதான கலைஞனுக்கு ஏற்ற இடம். இருபது வயதுப் பையன்களோடு ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை, கையெழுத்து மட்டும் நன்றாக இருந்தால் போதும். வீடியோ தொகுப்புக்கும் அதனால்தான் அது இவ்வளவு பொருந்துகிறது. முன்கதை வேண்டாம், பின்கதை வேண்டாம். அந்த எட்டு நொடியே ஒரு முழுக் கதை மாதிரி தெரியும்.

அதே ஆட்டத்தில் அதற்குப் பத்து நிமிடம் முன்னால் விழுந்த கோல்தான் வீடியோவில் இல்லை. 32-வது நிமிடம், பல்வந்த் சிங். பஞ்சாப்காரர். சென்னையின் அணியின் வரலாற்றில் முதல் கோல் அது. ஐ.எஸ்.எல்.-ல் ஓர் இந்தியர் அடித்த முதல் கோலும் அதுதான். இரண்டு 'முதல்' ஒரே கோலில். அந்த ஆட்டத்தை 2-1 என்று வென்றோம். பல்வந்த் கோல் இல்லையென்றால் அது சமநிலை. ஒரு சீசனின் கதையை அதன் முதல் வாக்கியத்தை வெட்டிவிட்டு யாராவது சொல்வார்களா? இந்தத் தொகுப்பு சொல்கிறது. ஏனென்றால் அதன் அளவுகோல் ஒன்றுதான்: பந்து எவ்வளவு அழகாக வளைந்தது.

இரண்டாவது கோல் பெர்னார்ட் மெண்டி. அக்டோபர் 21, சென்னையில் முதல் ஆட்டம், எதிரில் கேரளா பிளாஸ்டர்ஸ். எலானோவின் பெனால்டியில் முன்னிலை, இயான் ஹ்யூம் அடித்து 1-1. 63-வது நிமிடம், கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற மெண்டி உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை அந்தரத்தில் தூக்கி அடித்தார். 2-1. அன்று நான் மைதானத்தில் இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், நான் ஒன்றும் பெரிதாகப் பார்க்கவில்லை. நேரு ஸ்டேடியத்தில் மைதானத்தைச் சுற்றி ஓட்டப் பந்தயத் தடம் இருக்கிறது, கேலரிக்கும் புல்லுக்கும் நடுவே அவ்வளவு தூரம். தூரத்தில் ஒரு ஆள் கீழே விழுந்தான், பந்து உள்ளே இருந்தது. பக்கத்தில் இருந்தவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் போனில்தான் அது அந்தரத்தில் அடித்த கோல் என்று புரிந்தது.

இன்று அந்த கோலை நினைத்தால் எனக்கு வருவது வீடியோவின் கோணம். நான் உட்கார்ந்திருந்த இடத்தின் கோணம் அழிந்துவிட்டது. தோளைப் பிடித்த கை மட்டும் பாக்கி இருக்கிறது. தொகுப்புகள் மேல் எனக்குள்ள முதல் புகார் இதுதான். நம் ஞாபகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அசலை விரட்டிவிடுகின்றன.

*

டில்லியில் 1-4 என்று உதை வாங்கித் திரும்பி வந்து, அக்டோபர் 28-ல் மும்பையை 5-1 என்று அடித்தோம். வீடியோவில் ஒரு நிமிடத்துக்கு மேல் இந்த ஆட்டம்தான். எலானோ இரண்டு, கொலம்பியாவின் ஜான் ஸ்டிவன் மெண்டோசா இரண்டு, ஜேஜே ஒன்று. இந்த இடத்தில் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

ஐந்து கோல் விழுந்தால் நம் விளையாட்டுப் பக்கங்களில் அது 'கோல் மழை'. யார் அடித்தாலும் 'அபாரமாக கோல் அடித்து அசத்தினார்'. எலானோ அடித்தாலும் அசத்தல், மெண்டோசா மூச்சு வாங்க ஓடிப் போய் அடித்தாலும் அதே அசத்தல். ஐந்து கோலும் ஐந்து விதம், வாக்கியம் ஒன்றே ஒன்று. கிரிக்கெட்டுக்கு இந்தக் கதி இல்லை. அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் உட்கார்ந்து, பந்து மட்டையில் படும் விதத்துக்கெல்லாம் தமிழில் ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தார்கள். பார்க்காத ஆட்டத்தை எங்கள் அப்பா அந்தச் சொற்களால் பார்த்தார். கால்பந்துக்கு அப்படி ஒரு குரல் நமக்குப் பரவலாகக் கிடைக்கவில்லை.

ஆனால் மைதானத்தில் மொழி இருக்கிறது. என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் முடிச்சூர் பக்கம் காலி மனையில் ஆடும்போது கேட்டிருக்கிறேன். "தரையோட குடு", "பின்னாடி ஆளு", "ஒத்தைல போவாத", "சேம் சைடு போட்றாத". இந்தச் சொற்களில் ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, ஒரு உறவு இருக்கிறது. எழுத்துத் தமிழில் கோல் அடிப்பவன் தனி ஆள். பேச்சுத் தமிழில் அவனுக்குப் பின்னால் பத்து பேர் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். கோல் என்பது கடைசி உதை மட்டும் கிடையாது. எங்கள் வேலையில்கூட ஒரு சாஃப்ட்வேர் வெளியாகும்போது கடைசிப் பொத்தானை அமுக்குபவர் ஒருவர்தான். அவர் படத்தை மட்டும் போட்டு வாழ்த்து அனுப்பினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

*

இந்த அணியின் பெயரே எனக்கு நீண்ட நாள் பிரச்சினை. 'சென்னையின்'. உலகத்தில் வேறு எந்த கிளப்புக்காவது வேற்றுமை உருபோடு முடிகிற பெயர் இருக்கிறதா தெரியவில்லை. சென்னையின் எது? சென்னையின் அணி என்றால் சரி. அணி என்ற சொல்லை விட்டுவிட்டு உருபோடு நிறுத்திவிட்டார்கள். தமிழில் எழுதும்போது 'சென்னையினின் கோல்' என்று எழுத நேர்ந்து, நாமே சிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பள்ளியில் எங்கள் தமிழய்யா வேற்றுமை நடத்தியபோது, 'இன்' ஐந்தாம் வேற்றுமை உருபு, அதற்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள் என்று மனப்பாடம் செய்ய வைத்தார். இன்று நாம் 'உடைய' என்ற பொருளில்தான் பெரும்பாலும் அதைப் புழங்குகிறோம். பழைய இலக்கணத்தில் அதன் பொருள்களில் ஒன்று எல்லை. எனக்கு அந்தப் பொருள்தான் மனதில் நின்றது. காரணம் நாங்கள் தாம்பரத்துக்காரர்கள்.

வெளியூர்க்காரர்களுக்குத் தாம்பரமும் சென்னைதான். தென் மாவட்டத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் பெருங்களத்தூரில் கண் விழித்து, "சென்னை வந்துடுச்சு" என்பார்கள். மயிலாப்பூரிலோ புரசைவாக்கத்திலோ கேட்டால், "தாம்பரமா, அவ்ளோ தூரமா?" 2014-ல் தாம்பரம் சென்னை மாநகராட்சியிலும் இல்லை, சென்னை மாவட்டத்திலும் இல்லை. நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். பிறகு 2019-ல் செங்கல்பட்டு மாவட்டம் ஆனோம், 2021-ல் எங்களுக்கென்று தனி மாநகராட்சி வந்தது. என் தம்பி பள்ளி அணியில் வலது ஓரத்தில் ஆடினான். மாவட்டத் தேர்வு என்றால் மின்சார ரயிலில் சென்னை பக்கம் போக முடியாது, பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போக வேண்டும். இரண்டு முறை போனான். இரண்டு முறையும் எடுக்கவில்லை. அதில் யார் மேலும் புகார் இல்லை, அவனைவிட நன்றாக ஆடியவர்கள் இருந்தார்கள். ஆனால் இரண்டாவது முறை திரும்பி வந்த பிறகு அவன் ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதைப் பார்த்தேன்.

அப்போதுதான் சென்னையின் எஃப்.சி. வந்தது. அவனை ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "நம்ம ஆளு ஒருத்தன்கூட இல்லியேண்ணா?"

என்னிடம் பதில் இல்லை. பிரேசில், பிரான்ஸ், கொலம்பியா, பஞ்சாப், மிசோரம். அந்த சீசனில் இந்த அணிக்காக கோல் போட்ட தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. எல்லையில் இருக்கிற பையன் கேட்கிறான், சென்னையின் அணியில் சென்னையின் பையன் எங்கே என்று. "ஜேஜேவும் இந்தியன்தானே" என்று ஏதோ சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

*

லீக் சுற்றில் 14 ஆட்டம், 24 கோல், 23 புள்ளி. முதலிடம். அரையிறுதியில் நான்காம் இடத்தில் இருந்த கேரளா. டிசம்பர் 13-ல் கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் 0-3. தோற்ற விதத்தைப் பார்த்தால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். டிசம்பர் 16, மார்கழி முதல் நாள், இரண்டாவது ஆட்டம் சென்னையில். "எதுக்குடா போறீங்க, மூணு கோல் போட முடியுமா?" என்றார் அப்பா. கிரிக்கெட் பார்க்கிறவருக்கே மூன்று கோல் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.

சாயங்கால ரயிலில் பீச் பக்கம் போகும் பெட்டிகள் காலியாக இருக்கும். எதிரில் தாம்பரம் வரும் ரயில்களில்தான் ஜனம் தொங்கும். நாங்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்க் ஸ்டேஷன் வரை போய், ரிப்பன் மாளிகையைத் தாண்டி நடந்தோம்.

முதல் பாதி முடியும் நேரத்தில் சில்வெஸ்டர் கோல். மிக்கேல் சில்வெஸ்டர், மான்செஸ்டர் யுனைடெடில் ஆடிய தடுப்பாட்டக்காரர், வயது 37. 1-0. இரண்டாம் பாதியில் வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் 76-வது நிமிடம், கேரளாவின் சந்தேஷ் ஜிங்கன் தன் வலையிலேயே போட்டுவிட்டார். சேம் சைடு கோல்.

இந்த கோலை எந்தத் தொகுப்பும் சேர்க்காது. யாருடைய கணக்கில் சேர்ப்பது? அடித்தது அவன், கிடைத்தது நமக்கு. ஆனால் நாங்கள் மூன்று கோல் பள்ளத்திலிருந்து ஏறிய படிகளில் நடுப்படி அதுதான். ஜிங்கனுக்கு அப்போது 21 வயது. அந்த சீசனின் வளரும் வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. பின்னால் இந்திய அணிக்கே கேப்டனாக நின்றார். தன் வலையில் கோல் போட்டவனுக்கும் அதே வருடம் விருது கிடைக்கும் என்பதை அழகான கோல்களின் பட்டியல் எங்கே சொல்லப் போகிறது? அன்று அந்த கோலுக்கு நாங்கள் ஆடிய ஆட்டம், மெண்டி கோலுக்குக்கூட ஆடவில்லை.

90-வது நிமிடம். ஜேஜே லால்பெக்லுவா. 3-0. கூட்டிப் பார்த்தால் 3-3.

அந்த கோல் எப்படி விழுந்தது என்று நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. எனக்கு முன் வரிசை முழுக்க எழுந்து நின்றது. முதுகுகள்தான் தெரிந்தன. பிறகு சத்தம். சத்தம் கீழிருந்து மேலே வந்து எங்கள் காலடிக் காங்கிரீட்டில் ஏறியது. தம்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். பதினாறு வயசுப் பையன், வீட்டில் தோளில் கை போட்டால் தட்டிவிடுகிறவன். போனில் தேடினால் அந்த கோல் ஒரு நொடியில் கிடைக்கும். இந்தப் பதினோரு வருடத்தில் நான் தேடவில்லை. மெண்டி கோலுக்கு நடந்தது இதற்கும் நடக்கக் கூடாது என்பது ஒரு காரணம். கேமராவில் அது சாதாரண கோலாகத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இன்னொரு காரணம். தொகுப்புகளைக் குறை சொல்லி இவ்வளவு எழுதுகிற எனக்கும் ஒரு வெட்டு ஒட்டு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கூடுதல் நேரம் அரை மணி. பெனால்டிக்குப் போகப் போகிறது என்று எல்லாரும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, 117-வது நிமிடம், ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டீபன் பியர்சன் கேரளாவுக்கு ஒன்று போட்டார். 4-3. முடிந்தது. நான்கு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் கேரளாவும் கொல்கத்தாவிடம் கடைசி நேரத்தில் 0-1 என்று தோற்றது.

*

திரும்பும்போது பார்க் ஸ்டேஷனில் மஞ்சள் ஜெர்சி போட்ட ஒரு கூட்டம். மலையாளிப் பையன்கள், தாம்பரத்தில் தங்கிப் படிக்கிறவர்கள். அவர்களும் எங்கள் பெட்டியிலேயே ஏறினார்கள். ஜெயித்தவர்கள் கத்துவார்கள், வம்பு வரும் என்று பயந்தேன். அப்படி ஒன்றும் இல்லை, 120 நிமிடம் அவர்களையும் பிழிந்து போட்டிருந்தது. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். கிண்டி தாண்டியதும் அவர்களில் ஒருத்தர் எங்களைப் பார்த்து, உடைந்த தமிழில், "நீங்க நல்லா ஆடினீங்க" என்றார்.

நீங்க. நாங்கள் எங்கே ஆடினோம்? கேலரியில் நின்றோம். ஆனாலும் தம்பி திரும்பிப் பார்த்து, "நீங்களும்தான்" என்றான். ஆடியவன் சொல்வது மாதிரியே சொன்னான்.

அடுத்த வருடம் டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடையாறு எங்கள் கீழ்வீட்டுக்குள் வந்து போனது. என் சர்டிபிகேட்டுகளை அம்மா பரண்மேல் தூக்கிப் போட்டுக் காப்பாற்றினாள். மேஜை டிராயரில் இருந்த 2014 டிக்கெட்டுகள் கூழாகிவிட்டன. அந்த அரையிறுதியைச் சென்னையில் நடத்த முடியாமல் புனேவுக்கு மாற்றினார்கள். சென்னையின் அணி, சென்னை தண்ணீரில் இருந்ததால், வேறு ஊரில் ஆடி வென்றது. டிசம்பர் 20-ல் கோவாவை 3-2 என்று தோற்கடித்து முதல் கோப்பையை வாங்கியது. கடைசி நிமிடத்தில் மெண்டோசா போட்ட கோலை சேலையூரில் சித்தி வீட்டு டி.வி.யில் பார்த்தோம். சந்தோஷம்தான். ஆனால் மறுநாள் சேறு அள்ளப் போக வேண்டியிருந்தது.

பிறகு 2018 மார்ச் 13. அரையிறுதி, நேரு ஸ்டேடியம், எதிரில் கோவா. நான் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தேன். ராத்திரி தம்பி போன் செய்தான். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "கணேஷ்! கணேஷ்ணா! வியாசர்பாடி கணேஷ்!" என்று மட்டும் கேட்டது. தனபால் கணேஷ் கோல் அடித்திருந்தார். வடசென்னையின் வியாசர்பாடியிலிருந்து வந்த பையன், சென்னையின் அணிக்காக, சென்னையில். ஜேஜே இரண்டு, கணேஷ் ஒன்று, 3-0. அந்த வருடமும் கோப்பை நமக்கே. நாலு வருடத்துக்கு முன்னால் தம்பி கேட்ட கேள்விக்கு அன்று மைதானமே பதில் சொல்லிவிட்டது என்று நினைத்தேன்.

*

ஆக, என் பட்டியல் இது. பல்வந்த் சிங்கின் முதல் கோல். மெண்டி கோல், ஆனால் தோளைப் பிடித்த கையோடு. எலானோவின் ஒரு ஃப்ரீ கிக், ஒன்று போதும். ஜிங்கனின் சேம் சைடு கோல். முதுகுகளுக்குப் பின்னால் விழுந்த ஜேஜே கோல். இவற்றைத் தொகுத்தால் நல்ல வீடியோ வராது, தெரியும். இதயக் குறிகளும் குறையும். ஆனால் ஒரு சீசனை ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இப்படித்தான் வைத்துக்கொள்ள முடியும், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி.

இந்த அளவுக்கு எழுதி முடித்துவிட்டு, பிரசுரத்துக்கு அனுப்பும் முன் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் சொன்ன முக்கியமான கோல் ஜேஜே கோல்தானே என்று உறுதி செய்துகொள்ளலாம் என்று.

"இல்லண்ணா. அந்த ஸ்காட்லாந்துக்காரன் போட்டான்ல, அது."

"அது நமக்கு எதிரா விழுந்த கோல்டா."

"ஆமா. ஜேஜே கோலுக்கு எல்லாரும் குதிச்சாங்க, நானும் குதிச்சேன். அதுக்கு வெறும் மேட்ச் பாக்க வந்தவனா இருந்தாக்கூடப் போதும். அந்த கோல் விழுந்தப்பதான் அழுதேன். நீ பாத்தியான்னு தெரியல. அழுறதுக்கு அது நம்ம டீமா இருக்கணும்ல?"

நான் பார்க்கவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்தேன், மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கணேஷ் கோலைப் பற்றி நான் மேலே எழுதியதை அவனிடம் படித்துக் காட்டினேன். "அதுவும் கரெக்ட்டுதான்" என்றான். பிறகு, "ஆனா அதுக்கு முன்னாடியே நம்ம டீம்தான்ணா" என்றான். அதற்குள் ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டான்.

என் பட்டியலில் ஐந்து கோல் இருந்தது. இப்போது ஆறு. பியர்சன், 117-வது நிமிடம்.